ஊர்ச் சாமானுக்கு ஏது பேப்பர்

லெப்பைக்குடிக்காட்டு மதார் வளைகுடாவில் என்ன வேலை பார்த்தார் என்று அவர் சம்சாரம் ஜைனம்புவுக்கே விளக்கமாகச் சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால், "கப்பல்ல சாமான் ஏத்துறதுக்கு எழுதிக் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கடலுக்கு நடுவே இரும்புக் கால் ஊன்றி நிற்கிற எண்ணெய் மேடைகளுக்குக் கரையிலிருந்து படகில் சாமான் போகும். மேடை அந்த நாட்டுக் கடலில்தான் நிற்கிறது. ஆனாலும் கஸ்டம்ஸ் கணக்கில் நாடு படகுத்துறையோடு முடிந்துவிடும். அதைத் தாண்டிப் போகிற ஒவ்வொன்றுக்கும் பேப்பர் போட வேண்டும். என்ன சாமான், எத்தனை, மெஷினாக இருந்தால் அதன் நம்பர் என்ன, அங்கேயே தீர்ந்துபோவதா, திரும்பி வருவதா. அரிசி, பருப்பு, டீசல் எல்லாம் தீர்கிற ரகம். வெல்டிங் செட்டும் கயிறும் திரும்புகிற ரகம். திரும்பி வரும்போது, போன பேப்பரை எடுத்து வைத்துச் சரிபார்ப்பார்கள். போன பேப்பர் இல்லாமல் ஒரு ஸ்பேனர் வந்தால்கூட அது வெளிநாட்டுச் சரக்கு. எந்தக் கப்பலில் வாங்கினாய், யாருக்குக் கொண்டுவருகிறாய் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தப் பேப்பர்களை எழுதி, முத்திரை வாங்கி, படகைத் தள்ளிவிடுவதுதான் மதாரின் வேலை. அதில் அவர் புலி. மேனேஜரே வந்து நின்றாலும் நம்பரைச் சரிபார்க்காமல் எழுத மாட்டார். ஊர்க்காரப் பையன்கள் அவருக்குப் பேப்பர் பாய் என்று பேர் வைத்திருந்தார்கள். "பாய் ஊட்டுல உப்பு கைமாத்து கேட்டாக்கூட, திரும்பி வருமா தீர்ந்துபோவுமான்னு எழுதி வாங்கிட்டுத்தான் குடுப்பாங்க" என்று கேலி பேசுவார்கள். மதார் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அது அவருக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தப் புலிக்கு ஒரு சாமானில் மட்டும் கண் தெரியாது. அது ஊர்ச் சாமான்.

லெப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டில் வேலை பார்க்கிற சபராளி யாராவது பயணம் கிளம்புகிறார் என்றால் பத்து வீட்டுச் சாமான் அவர் பெட்டியில் ஏறும். ஒருத்தி மகனுக்கு இடியாப்ப மாவு கொடுப்பாள், ஒருத்தி புருஷனுக்குக் கைலி கொடுப்பாள். துணியில் சுற்றி, மேலே மையில் பேரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது. கேட்டால், நம்பிக்கை இல்லையா என்று அர்த்தம் ஆகிவிடும். மதாரும் அப்படிக் கொண்டுபோனவர், கொண்டுவந்தவர். ஊர்ச் சாமான் வேறு, சரக்கு வேறு என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

குன்னத்துப் பக்கத்து இளையபெருமாளும் அவருக்கு ஊர்தான். அங்கே போய்விட்டால் பெரம்பலூர் ஜில்லா முழுக்க ஒரே தெரு. இளையபெருமாள் மேடையில் வெல்டர். ஆள் கறுப்பு, சிரித்தால் முகம் முழுக்கப் பல்லாக இருக்கும். முதல் நாளே மதாரை "மாமா" என்று கூப்பிட்டான். இவரும் "மாப்ள" என்றார். அவன் கரைக்கு வரும்போதெல்லாம் மதார் அறையில்தான் சோறு.

தொண்ணூற்றேழில் அவன் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினான். அவன் பெண்டாட்டி ராசாத்தி செந்துறைக்காரி. கடிதம் எழுத அவளுக்குப் பொறுமை கிடையாது, பேசச் சொன்னால் நிறுத்த மாட்டாள். யாரோ வீட்டு டேப்பில் பேசிப் பதிவு செய்து கேசட்டாக அனுப்பியிருந்தாள். அதில் மகள் ஆர்த்தி முதல் முதலாக "அப்பா" என்றும், அதைவிடத் தெளிவாக "பஸ்ஸு" என்றும் சொல்லியிருந்தது. அதை மேடையில் வைத்துக் கேட்க வேண்டும், ஊருக்குப் போகும்போது டேப்பையும் கொண்டுபோய் வீட்டில் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

"இதுக்குப் பேப்பர் போட்டுடுங்க மாமா. திரும்பி வர்ற ரகம்" என்று கொடுத்தான்.

"நீ ஏறு மாப்ள. நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குள் படகு கிளம்பியாக வேண்டும். மதார் டேப்பை ஒரு பழைய கைலியில் சுற்றி, மேலே 'இளையபெருமாள்' என்று எழுதி, சமையல்கட்டுக்குப் போகிற அரிசி மூட்டை ஒன்றின் வாயைப் பிரித்து உள்ளே செருகி, திரும்பக் கட்டிவிட்டார். கை தானாகச் செய்தது. ஊரில் ஜைனம்பு பெட்டி கட்டும்போது செய்கிற அதே காரியம். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. மாப்ளையின் டேப்பைப் பைப்பும் வால்வும் போகிற பேப்பரில் எழுதுவது அவருக்கு அந்த நேரத்தில் என்னமோ போல இருந்தது.

சாயங்காலம் மேடையிலிருந்து ரேடியோவில் இளையபெருமாள் கேட்டான். "டேப்பு வந்துடுச்சு மாமா, அரிசியெல்லாம் உள்ள போயிருக்கு. பேப்பர் போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றார் மதார். திங்கட்கிழமை ஏதாவது ஒரு பேப்பரில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தார். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. பிறகு மறந்தே போனார்.

அடுத்த மழைக்காலத்தில் இளையபெருமாள் லீவுக்குக் கிளம்பிக் கரையேறினான். அந்த மாதம்தான் மேடைகளுக்குப் பக்கத்தில் வருகிற படகுகளிலிருந்து ரேடியோவும் சிகரெட்டும் வாங்கிக் கரைக்குக் கடத்துகிறார்கள் என்று ஒரே கெடுபிடி. படகுத்துறை வாசலில் கஸ்டம்ஸ்காரர்கள் பையைத் திறந்தார்கள். டேப் இருந்தது. போன பேப்பர் எங்கே என்றார்கள். ஆபீசில் இருக்கிறது, மதார் பாய் போட்டார் என்று இவன் தைரியமாகச் சொல்லியிருக்கிறான்.

மேனேஜர் போன் செய்தார். இந்த நம்பர் டேப் ரிக்கார்டர் ஏதாவது உன் வழியாகப் போனதா?

மதாருக்கு அரிசி மூட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆமாம் என்றால், தீர்கிற ரகத்துக்குள் திரும்புகிற ரகத்தை ஒளித்து அனுப்பினவன் என்று ஆகும். அந்த வேலையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஃபைலைப் புரட்டினார். அதில் இருக்காது என்று தெரிந்தே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "என் ஃபைல்ல அப்படி எதுவும் இல்ல சார்" என்றார்.

பொய் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை எடுத்துப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாகத்தான் இருந்தது. அதுதான் உறுத்தியது.

டேப்பைப் பறிமுதல் செய்தார்கள். உள்ளே மாட்டியிருந்த கேசட்டும் அதோடு போயிற்று. இளையபெருமாளைக் கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பி, கடத்தல் சரக்கோடு பிடிபட்டவன் என்று அவன் பேருக்கு எதிரே எழுதி வைத்தார்கள். மதாரைப் பார்க்கவிடவில்லை. பார்க்க வேண்டும் என்று மதாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வந்த லீவில் அவர் குன்னம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பெரம்பலூர் போக வேண்டிய வேலைகளைக்கூடத் திட்டக்குடியில் முடித்துக்கொண்டார். "ஏங்க, பெரம்பலூர்ல உங்களுக்கு யாரு கடன் குடுத்திருக்கா, இப்படி ஒளியிறீங்க?" என்று ஜைனம்பு கேட்டாள். வெயில் என்றார்.

இரண்டாயிரத்து ஒன்றில் தை மாதம் லீவில் வந்திருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீடு திரும்பினால், வாசலில் ஒரு பழைய எம்.எய்ட்டி வண்டி நிற்கிறது. உள்ளே நாற்காலி நுனியில் இளையபெருமாள். ஜைனம்பு கொடுத்த டீ கையில் இருந்தது. இளைத்திருந்தான். சிரிப்பு மட்டும் பழைய அளவில் இருந்தது.

"மாமா, வந்தா வந்தேன்னு ஒரு சேதி சொல்லக் கூடாதா? நானா மோப்பம் பிடிச்சு வரணுமா?"

மதார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவன் திட்டுவதற்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து உட்கார்ந்தார். அவன் ஜைனம்புவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "அக்கா, இவங்க எனக்காகப் பேப்பர் போட்டாங்க. அதை அந்த கஸ்டம்ஸ்காரனுவதான் தொலைச்சுட்டானுவ. நான் எங்க ஊருல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். மாமா மேல ஒரு குத்தமும் இல்ல, மாமா மாதிரி ஒரு ஆளு ஜில்லாவுலயே கெடையாதுன்னு."

மதார் குனிந்து, கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் வந்த காரியம் இதுதான். வெங்காயம் போட்டதில் இரண்டு வருஷமாகப் போட்ட முதல் வரவில்லை. பெரம்பலூரில் ஒரு பட்டறையில் இரும்புக் கேட்டுக்கு வெல்டு அடிக்கிறான். இப்போது திருச்சியில் ஒரு ஏஜென்சி இன்னொரு நாட்டுக் கடல் மேடைக்கு வெல்டர் எடுக்கிறது. கைவேலை பார்த்துவிட்டு அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பழைய கம்பெனியில் விசாரித்தபோது கடத்தல் கதை வெளியே வந்திருக்கிறது. போன பேப்பருக்கு ஆதாரம் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறோம், இந்த மாசத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒங்க ஆபீசுல அதோட நகல் ஒண்ணு இருக்கும்ல மாமா. அங்க யாருட்டயாச்சும் சொல்லி ஃபேக்ஸ் போடச் சொன்னீங்கன்னா போதும். இதுதான் கடைசி. வயசு தாண்டிட்டா அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான்."

"பாக்கறேன் மாப்ள" என்றார் மதார்.

"பாக்கறேன் இல்ல. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. ராசாத்தி ஒங்கள ஒரு தடவ பாக்கணும்னு நிக்கிறா."

அவன் வண்டி தெருமுனை திரும்பும் வரை ஜைனம்பு வாசலில் நின்று பார்த்தாள். பிறகு, "நல்ல புள்ள. அந்தப் பேப்பர எடுத்துக் குடுத்துடுங்க" என்றாள்.

"இருந்தாத்தானே குடுக்கறதுக்கு."

அப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தது. கேட்டுவிட்டு நெடுநேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்து முடித்த கீரையையே திரும்ப ஆய்ந்தாள்.

"இப்ப ஒண்ணு போட்டுக் குடுக்க முடியாதா? பழைய தேதி வச்சு?"

அதை மதாரும் நினைக்காமல் இல்லை. அங்கே கூட வேலை பார்க்கிற பையனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே பேப்பர் வந்துவிடும். யார் மனதும் நோகாது. மாப்ளைக்கு வேலை, தனக்கு மரியாதை. ஆனால் ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு பிரதி கஸ்டம்ஸில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். திருச்சிக்காரன் அங்கே கேட்டால், அவர்களிடம் இல்லாத பேப்பர் இவனிடம் எப்படி வந்தது என்பார்கள். கடத்தினவன் என்பதோடு, கள்ளப் பேப்பர் போட்டவன் என்றும் சேர்ந்துகொள்ளும். மிச்சம் இருப்பது ஒரே வழி. டேப்பை வாங்கி மூட்டைக்குள் வைத்தது நான், கேட்டபோது மறைத்ததும் நான் என்று தன் பேரிலேயே எழுதிக் கொடுப்பது.

"எழுதிக் குடுத்தா ஒங்க வேல?"

"போவும்."

"அஸ்ஃபாக்குக்கு விசா அடிக்கறேன்னு சொல்லியிருக்காங்களே."

அஸ்ஃபாக் மகன். அதே கம்பெனி ஸ்டோரில் அவனுக்கு ஒரு இடம் பேசி முடித்து, விசாவுக்காகத்தான் வீடே காத்துக்கொண்டிருந்தது.

"அதுவுந்தான்" என்றார் மதார்.

ஜைனம்பு கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "என்ட்ட எதுக்குக் கேக்கறீங்க? அன்னைக்கு மூட்டைக்குள்ள வைக்கறப்ப கேட்டீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மதார் பஸ் மாறிக் குன்னம் போய், அங்கிருந்து நடந்தார். வெங்காயம் பிடுங்குகிற நாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே களத்தில் குவித்துப்போட்டு, நாலைந்து பெண்கள் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். காரத்தில் எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது. ராசாத்தி அறுவாமணையை விட்டு எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வாங்கண்ணே. ஏய், இவங்கதான்டி மதார் பாய். நம்ம ஊட்டு ஆளுக்காக அந்த நாட்டுக்காரன்கிட்டயே பேப்பர் போட்டுக் குடுத்தவங்க" என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் சிவந்த கண்ணோடு மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு கிழவி, "இப்படி ஆளுங்களால்தான் மழை பெய்யுது" என்றாள்.

"எங்க பெய்யுது? பேஞ்சா ஏன் வெங்காயம் கோலிக்குண்டாட்டம் கெடக்குது" என்றாள் ராசாத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

உள்ளே கட்டில் போட்டு மோர் கொடுத்தார்கள். போகும்போது எடுத்துப்போக என்று ராசாத்தி ஏற்கெனவே ஒரு மஞ்சள் பையில் பொறுக்கின வெங்காயமாகக் கட்டி, நிலைப்படி ஓரம் வைத்திருந்தாள். ஆர்த்தி பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்று சொல்லிக் காட்டினாள். எல்லாம் முடிந்து, இளையபெருமாள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, "என்ன மாமா, ஃபேக்ஸ் வந்துச்சா?" என்றான்.

மதார் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வராது மாப்ள. நான் போடவே இல்ல."

"எதைய?"

"பேப்பர. அன்னைக்கு அரிசி மூட்டைக்குள்ள வச்சு விட்டதோட சரி. போட்டாச்சுன்னு ஒன்ட்ட சொன்னேன். மேனேஜர் கேட்டப்ப என் ஃபைல்ல இல்லன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

இளையபெருமாள் சிரித்த முகமாகவே இருந்தான். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தது போல இருந்தது. வெளியே பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"ஒரு வரி தானே மாமா" என்றான் கடைசியில்.

"ஒரு வரிதான்."

"எல்லாருக்கும் எழுதுவீங்களே."

"ஊர்ச் சாமானுன்னு நெனச்சுட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். புரிந்துவிட்டது என்பது போலத்தான் ஆட்டினான். அதுதான் மதாருக்குத் தாங்கவில்லை. "மூணு வருசமா இந்த ஊருல நான் சொன்னதெல்லாம் பொய்யா போச்சே" என்றான் பிறகு, தனக்குத்தானே சொல்வது போல.

ராசாத்தி உள்கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "டேப்பு போனா போவுதுண்ணே" என்றாள். "உள்ள கேசட்டு இருந்துச்சு. இவ மொதல்ல பேசினது. அதுக்காச்சும் எழுதியிருக்கலாம்."

மதார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நடந்தத நடந்தபடி எழுதித் தரேன். திருச்சிக்கு ஒண்ணு, எங்க கம்பெனிக்கு ஒண்ணு. ரெண்டையும் ஃபேக்ஸ் போட்டுடலாம்."

"போட்டா ஒங்க வேல என்னாவும்?"

"போயிடும்."

"அஸ்ஃபாக் தம்பிக்கு விசா வருதுன்னு அக்கா சொன்னாங்களே?"

"அதுவும்."

வேண்டாம் மாமா என்று சொல்வான் என ஒரு ஓரத்தில் மதார் எதிர்பார்த்தார். அப்படி எதிர்பார்த்தது அப்போதே தெரிந்து, கூசிப்போனார். இளையபெருமாள் மகளைப் பார்த்தான், களத்தைப் பார்த்தான்.

"எழுதுங்க" என்றான்.

ஆர்த்தியின் நோட்டில் தாள் கிழித்து எழுதினார். இங்கிலீஷில் எழுதியதை அவன் தமிழில் சொல்லச் சொன்னான். சொன்னார். மூட்டைக்குள் ஒளித்தேன் என்ற இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னார்.

கிளம்பும்போது நிலைப்படி ஓரம் மஞ்சள் பையைக் காணவில்லை. ராசாத்தி அதைத் தூக்கிக் களத்துக்குக் கொண்டுபோய்க் குவியலில் கொட்டிக்கொண்டிருந்தாள். கோபமாகக் கொட்டவில்லை, மிச்சம் விழுகிறதா என்று பையை உதறிப் பார்த்துத்தான் கொட்டினாள். இளையபெருமாள் அவரைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து, ஃபேக்ஸ் போகிற வரை கூடவே நின்று, போனதற்கான சீட்டை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் ஜைனம்பு, "வெங்காயக் காட்டுக்குப் போயிட்டு வெறுங்கையோடயா வந்தீங்க?" என்றாள். முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு எடுத்து வைத்தாள்.

கம்பெனியிலிருந்து, திரும்பி வர வேண்டாம் என்று பதில் வந்தது. அஸ்ஃபாக் கொஞ்ச நாள் அத்தாவோடு பேசாமல் இருந்துவிட்டு, சென்னையில் மாமன் கடைக்குப் போனான். மதார் பெரம்பலூரில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் எழுத உட்கார்ந்தார். ஊரில் யாராவது பயணம் கிளம்பினால் இப்போதும் சாமான் சேரும். மதார் இருந்தால், துணியைப் பிரித்துக் காட்டு, உள்ளே என்ன என்று எழுது என்பார். "ஊர்ச் சாமானுக்கு ஏது பேப்பர் பாய்? ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிடுச்சா?" என்று சலித்துக்கொள்வார்கள். சிலர் அவர் இல்லாத நேரம் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல்.

"மதார் பாய்ங்களா? நான் குன்னம் இளையபெருமாள் பேசறேன்."

பாய் என்றதை மதார் கவனித்தார். "சொல்லு மாப்ள. எப்படி இருக்க?"

"இருக்கேன். ஒரு டேப்பு வாங்கினேன். நாளைக்கு மேடைக்குக் கொண்டுபோறேன்."

"திரும்பி வர்ற ரகம்னு போட்டிருக்கா பாத்துக்க. நம்பர் சரியா இருக்கணும்."

"போட்டிருக்கு பாய். எழுதறப்ப நானே பக்கத்துல நின்னு பாத்தேன். நம்பர் படிக்கறேன், கேளுங்க."

ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திப் படித்தான். அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு காசு கொடுத்துப் பேசுகிறவன் வேறு எதுவும் சொல்லவில்லை. படித்து முடித்ததும் வைத்துவிட்டான்.

"யாரு?" என்றாள் ஜைனம்பு.

"குன்னத்து மாப்ள."

"என்னவாம்?"

மதார் ரிசீவரைச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து வைத்தார்.

"பேப்பர் போட்டுட்டானாம்" என்றார்.